மைசூருக்குப் புறப்பட்ட கடைசிப் பாட்டு

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் அந்த ஜே.சி. யார் என்று கேட்பதில்லை. ஜெயசாமராஜ உடையார், மைசூரின் கடைசி மகாராஜா. 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்துக்குக் கவர்னராகவும் இருந்தார். அவர் பணம் கொடுத்ததால் பிறந்த ஓர் இசைத்தட்டின் கதை இது.

ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், 84 வயதை ஒட்டி, 1948 மே முதல் செப்டம்பருக்குள் நான்கு பாடல்களுக்கு இசையமைத்தார். அவற்றில் பெரும்பாலும் சாவின் வாசனை. புலம்பல் மட்டும் கிடையாது. ஒரு பாடலின் முடிவில், சாவைப் பற்றித் தன் 25 வயதில் எழுதிய மெட்டையே எடுத்து வைத்தார். மறு வருடம் இறந்துவிட்டார். பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்தான் அவற்றை முதலில் பாட வேண்டும் என்பது அவர் ஆசை.

1950 மே 22, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். ஃபிளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வாங்லர் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நடத்தினார். செலவுக்கு 4,800 டாலர் உத்தரவாதம் தந்தவர் மைசூர் மகாராஜா. கச்சேரியைப் பதிவுசெய்து தன் சேகரிப்புக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்தச் சேகரிப்பில் அப்போதே சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். அவருக்கு வயது 30. பியானோ வித்வானாக ஆசைப்பட்டவர். சிம்மாசனம் குறுக்கே வந்துவிட்டது.

பதிவானது அசிட்டேட் தட்டில். உலோகத் தகட்டின்மேல் பூசிய மென்மையான மெருகெண்ணெய். முள் ஓடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஆசையாகக் கேட்பவர் கையில்தான் சீக்கிரம் பாழாகும்.

ஸ்ட்ராஸின் இந்தப் பாடல்களுக்குப் பக்கத்தில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டை வைத்துப் பார்க்கிறேன். 1828 நவம்பரில், 31 வயதில் இறந்தார். அந்தக் கடைசிச் சில மாதங்களில் எழுதியவற்றில் மூன்று பியானோ சொனாட்டாக்களும் ஒரு தந்தி ஐந்திசையும் உண்டு. ஐந்திசை மேடையேறியது 1850இல். அதாவது 22 வருடம் கழித்து. மகாராஜா யாரும் அதற்குக் கிடைக்கவில்லை. ‘அன்னப் பாட்டு’ என்று ஷூபர்ட்டின் கடைசிப் பாடல்களுக்குப் பெயர் வைத்தவர் பதிப்பாளர். ஸ்ட்ராஸின் நான்கையும் ‘கடைசி நான்கு பாடல்கள்’ ஆக்கியதும் பதிப்பாளர்தான். இளைஞனின் சாவானாலும் கிழவரின் சாவானாலும் ‘கடைசி’ என்றால் கடையில் போகும் போலிருக்கிறது. ஆனால் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது: ஸ்ட்ராஸ் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்புகிறார், ஷூபர்ட் இன்னும் புதுக் கணக்கு திறந்துகொண்டே இருக்கிறார். இன்னும் எழுதியிருப்பாரே என்ற அந்த ஏக்கம், 33 வயதில் போன நம் சாகித்யகர்த்தா சுவாதித் திருநாளைப் பற்றியும் உண்டு.

நம் மைசூர் மகாராஜாவும் சாகித்யகர்த்தாதான். மைசூர் வாசுதேவாச்சாரின் சீடர். ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு 94 கிருதிகள். கம்பீர நாட்டையில் ‘ஸ்ரீ ஜாலந்தர’ சபாக்களில் இன்றும் ஒலிக்கிறது. 1974 செப்டம்பர் 23இல் பெங்களூரு அரண்மனையில், 55 வயதில் காலமானார்.

அந்த லண்டன் பதிவு பின்னாளில் இசைத்தட்டாகவும் குறுந்தகடாகவும் கடைக்கு வந்தது. இரைச்சலும் கீறலும் நிறைய. ஃபிளாக்ஸ்டாட்டின் குரல் அதையெல்லாம் தாண்டி வருகிறது. வாத்தியங்களின் மெல்லிய இடங்களைத்தான் நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.