படுத்திருந்து எழுந்த சுவர்கள்

சான் டியாகோவின் லா ஹோயாவில் ஒரு மகளிர் மன்றக் கட்டடம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வரிசையாக வளைவுகள். முதல் தடவை பார்த்தபோது ஸ்பானியப் பாதிரிமார் காலத்து மிச்சம் என்றே நினைத்தேன். 1914-இல் முடிந்த கான்கிரீட் கட்டடம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் சுவர்களைப் படுக்கைவாட்டில் வார்த்து, அப்படியே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

"படுக்கப் போட்டா சுவர் கட்டினாங்க? அப்புறம் யாரு தூக்கினது?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

நம்மூர் மேஸ்திரியைக் கேட்டால் சொல்வார், நிற்கிற சுவரைக் கான்கிரீட்டில் வார்க்க இரண்டு பக்கமும் சென்ட்ரிங் பலகை வேண்டும். பலகை, முட்டு, ஆள்கூலி எல்லாம் சேர்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும். ராபர்ட் ஏக்கன் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். பெரிய மேசை போன்ற தளத்தில் சன்னல், கதவுச் சட்டங்களை வைத்து, கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றுவது. இறுகியதும் ஜாக்கி கொண்டு மேசையோடு சுவரையும் நிமிர்த்துவது. வளைவையும் இப்படியே வார்க்கலாம். கல்லை ஒவ்வொன்றாகக் கொத்தி அடுக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் உரிமையை வாங்கியவர், மேற்படி கட்டடத்தின் கலைஞர் இர்விங் கில். 1870-இல் பிறந்தவர், சிகாகோவில் அட்லர், சல்லிவன் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு 1893-இல் சான் டியாகோ வந்தார். இங்கிருந்த பழைய மிஷன் கட்டடங்களின் தடித்த மண்சுவரும் வளைவும் அவரைப் பிடித்துக்கொண்டன. பூவேலை, சித்திரவேலை எதுவும் வேண்டாம் என்றார். தூசி தங்காமல் இருக்க, தரையும் சுவரும் சேரும் மூலையைக்கூட வளைத்துவிட்டார். பெருக்குகிறவர்களைப் பற்றி யோசித்த கட்டடக் கலைஞர்கள் எத்தனை பேர்?

ஆனால் அந்தப் பெரிய மேசையும் எந்திரமும் லாபம் தர வேண்டுமானால் வேலை நிறைய வரவேண்டும். வரவில்லை. மகளிர் மன்றத்துக்குப் பணம் தர எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் என்ற செல்வச் சீமாட்டி இருந்தார். ஏழைக் குடித்தனத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இதற்கு முன்பே, 1910-இல், சியரா மாத்ரேயில் குறைந்த வாடகைக்கென்று கில் ஒரு குடியிருப்பு வரைந்திருந்தார். தோட்டத்தைச் சுற்றிச் சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி முற்றம். அழகாக அமைந்துவிட்டது. அதுதான் வினை: உடைமையாளர் வாடகையை ஏற்றினார். யாருக்காகக் கட்டினாரோ அவர்களால் அங்கே குடியேற முடியவில்லை. டாரன்ஸ் நகரில் தொழிலாளர்களுக்காகப் போட்ட திட்டமும் சில வீடுகளோடு நின்றது. அலங்காரமே இல்லாத வீடு தங்கள் பிழைப்பைக் கெடுக்கும் என்று கைவினைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசிக் காலத்தில், 1930-களின் தொடக்கத்தில், கில் பரோனாவில் சிறு வீடுகளும் ஒரு தேவாலயமும் வடிவமைத்தார். அணைக்காகத் தங்கள் கபிதான் கிராண்டே நிலத்தை இழந்த பூர்வகுடிகளுக்கு அமைத்த ஊர் அது. 1936-இல் அவர் இறந்தார். அவர் கட்டிய டாட்ஜ் வீட்டை 1970-இல் இடித்தார்கள். மன்றத்தின் வளைவுகள் இன்னும் நிற்கின்றன.