உயிர்க் காலேஜ், செத்த காலேஜ்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்க பெரியவங்க மெட்ராஸ் போய்வந்த கதையில் இரண்டு 'காலேஜ்' வரும்: உயிர்க் காலேஜ், செத்த காலேஜ். முன்னது மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை; பின்னது எழும்பூர் மியூசியம். அரசாங்கம் வைக்காத இந்தப் பெயர்களைக் கேலி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

காட்சிசாலை மியூசியத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1851இல் தொடங்கிய மியூசியத்தின் பொறுப்பாளர், மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், உயிருள்ள பிராணிகளை வைத்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். 1855இல் காட்சிசாலை உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் நவாப் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி இறக்க, டல்ஹௌசி நவாப் பட்டத்தையே ஒழித்தார். விலங்குகள் முதலில் போயின, பட்டம் பின்னால்.

1860களில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற, உயிரும் பாடமும் பிரிந்தன. 'மக்கள்' பூங்கா என்று பெயரிட்டது வெள்ளைக்காரன். மக்கள் சொன்னது காலேஜ். கூண்டு, வகைப்பாடு, பெயர்ப்பலகை: காலனியம் தந்த படிப்பின் உருவம் இதுதான்னு பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கு விளங்கியிருக்கிறது. நிஜக் காலேஜ் வாசலை மிதிக்க வழியில்லாத சாதிகள் நுழைய முடிந்த காலேஜும் இவைதானே?

1985இல் வண்டலூர்க் காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. அங்கே பல இடங்களில் கம்பிக்குப் பதில் அகழி. அடைப்பு இருக்கிறது, பார்க்கிறவன் கண்ணுக்கு உறுத்துவதில்லை. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. வண்டலூரை எங்க ஊர்ப் பிள்ளைகள் 'ஜூ' என்கிறார்கள். காலேஜ் என்ற சொல் அதுவரை போய்ச் சேரவில்லை.