விட்ட 3,500-ம் 1887-ஆம் வருஷத்துச் சட்டமும்

ஆகுர்டிக்கு வேலைக்கு வந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் தீபாவளிச் சீட்டாட்டம். நம்மூரில் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், பட்டாசு, டிவியில் பட்டிமன்றம். இங்கே வடக்கத்தி நண்பர்கள் வீட்டில் லட்சுமி பூஜை முடிந்த கையோடு சீட்டுக்கட்டு வந்துவிடும். போன தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. மேல் மாடி நண்பர் போக்கர் ஆடக் கூப்பிட்டார். 500 ரூபாய்தானே என்று போனேன். திரும்பும்போது 3,500 காலி. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற எடுத்து வைத்திருந்த பணம்!

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு நுழையவே நுழையாது. காரணம் பெரியப்பா. சாயங்காலமானால் மனமகிழ் மன்றம், ரம்மி. பெரியம்மா கேட்டால், "ரம்மி சூதாட்டம் இல்லடி, திறமை. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பார். வளையல் அடகுக்குப் போன அன்றும் இதே பதில்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், கோர்ட் அப்படி என்னதான் சொன்னது என்று தேடிப் படித்தேன்.

வெள்ளைக்காரன் 1867-ல் பொதுச் சூதாட்டச் சட்டம் போட்டான். பம்பாய் மாகாணத்துக்கு 1887-ல் தனிச் சட்டம். பெயர் மாறினாலும் ஆகுர்டிக்கு இன்றும் அதுதான். இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: திறமை ஆட்டத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் எது திறமை, எது அதிர்ஷ்டம்? சட்டம் அதைப் பட்டியல் போடவில்லை. சண்டையே அங்கேதான்.

1963-ல் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியில்லை, எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்கணும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தெரியணும். அதனால் அது பெரும்பாலும் திறமை ஆட்டம்.

பெரியப்பா சொன்னது சரிதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம்.

போக்கர் கதை இன்னும் வேடிக்கை. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. குஜராத்தில் இருப்பதும் நம்ம 1887 சட்டம்தான் (1960 வரை அதுவும் பம்பாய் மாநிலம்). அங்கே உயர் நீதிமன்றம் 2017-ல் போக்கரைச் சூதாட்டம் என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023-ல் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தச் சண்டைக்கே போகவில்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதா? திறமையோ அதிர்ஷ்டமோ, இரண்டுக்கும் தடை என்றுவிட்டது.

சரி, என் 3,500 எந்தக் கணக்கு?

என் கையில் ஏஸும் ராஜாவும். டேபிளில் விரித்த நாலு சீட்டில் இன்னொரு ஏஸ், இன்னொரு ராஜா. எதிரே இருந்தவருக்கு நாலு ஆட்டின் சேர்ந்திருந்தது. கடைசிச் சீட்டும் ஆட்டினாக வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்புதான். வந்தது! அதுவரை போட்டிருந்த 1,000 போச்சு. அது அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஐந்து தடவை 500, 500-ஆக மாற்றினேன் பாருங்கள், அந்த 2,500-க்கு அதிர்ஷ்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மற்றவர்கள் மோசமான கையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். எனக்கு மட்டும் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஆட்டம் திறமையா என்றுதான் கோர்ட் பார்த்தது. ஆடுகிறவனிடம் அது இருக்கிறதா என்று பார்ப்பது கோர்ட் வேலை இல்லையே. பெரியப்பா கடைசி வரை குழம்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

காலையில் அம்மா போன் செய்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உங்க பெரியப்பாவும் சும்மா உக்காந்துட்டு வரேன்னுதாம்ப்பா ஆரம்பிச்சாரு" என்றார்.

கண்ணாடிக்கான பணம் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் போனது. அதுவரை அம்மா பழைய கண்ணாடியோடுதான் பேப்பர் படித்தார்.