எலுமிச்சைச் சாறும் தோல் மருந்தும்: தென்காசி வட்டாரத்தின் பழைய வழக்கம்

தேமல், படர்தாமரை, சொறி, பொடுகு ஆகிய சாதாரணத் தோல் நோய்களுக்குத் தமிழ்நாட்டின் தென்கோடியில் நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்த புளிப்புப் பொருள் நாட்டு எலுமிச்சைச் சாறு. சீயக்காயில் சேரும் காய்ந்த தோல் முதல் வைத்தியர் உரலில் பிழியும் சாறு வரை எலுமிச்சைக்குத் தனி இடம் இருந்தது. இந்த வழக்கம் எப்படி உருவாகி நிலைத்தது, அதில் சாறு செய்த வேலை என்ன என்பதற்குத் தென்காசி வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு.

2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி, எலுமிச்சை விளையும் பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் வளரும் தோப்புகள் புளியங்குடிக்கு ‘எலுமிச்சை நகரம்’ என்ற பெயரைத் தந்தன. இங்கிருந்து பழம் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குச் செல்கிறது. இம்மாவட்டத்துக் கடையத்தின் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற எலுமிச்சை ரகம். ஊறுகாய்க்கும் அம்மன் கோயில் மாலைக்கும் குவியும் பழம், மருந்துக்கும் எளிதாகக் கிடைத்தது. ஆண்டு முழுவதும் கைக்கு எட்டும் பொருளே வீட்டு வைத்தியத்தில் நிலைபெறும்.

நோய்க்கும் இந்த நிலத்தில் இடம் உண்டு. குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் விழும். காற்றில் ஈரம் குறையாது. துணி எளிதில் காயாது. இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள் ஆகிய வியர்வை தங்கும் இடங்களில் பூஞ்சை பிடிக்க இதுவே போதும். வட்டமாக விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து, அரிப்போடு படரும் பூஞ்சை நோயை மக்கள் படர்தாமரை என்றும் வண்டுகடி என்றும் சொல்வார்கள். மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டாக வரும் தேமலும் பூஞ்சையால் வருவதே.

படர்தாமரைக்குச் சொல்லப்பட்ட மருந்துகளில் முதன்மையானது சீமை அகத்தி. வண்டுகொல்லி என்பது இதன் மறுபெயர். மஞ்சள் பூங்கொத்து மெழுகுவர்த்திபோல நிமிர்ந்து நிற்கும் இச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்த செடியைச் சோதித்துப் பார்த்துத் தம் மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது தமிழ் வைத்தியத்தின் திறந்த மனத்துக்குச் சான்று.

செய்முறை எளிது. பறித்த பச்சை இலையைக் கழுவி அம்மியில் வைத்து, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து மையாக அரைப்பார்கள். தண்ணீர் சேர்ப்பதில்லை, சாறே இலையை இளக்கும். நோய் பிடித்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, தடித்த விளிம்புக்கு வெளியே சற்று பரவும்படி விழுதைப் பூசுவார்கள். முதலில் சுள்ளென்று எரியும். காய்ந்ததும் கழுவிவிடுவார்கள். அரிப்பு அடங்கும்வரை சில நாள் இது தொடரும். நாகமல்லி வேரையும் குப்பைமேனி இலையையும் இதே முறையில் எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. சொறி சிரங்குக்குக் குப்பைமேனியோடு உப்புச் சேர்ப்பார்கள்.

சித்த மருத்துவத்தில் எலுமிச்சைச் சாறு பூச்சு மருந்தோடு நிற்கவில்லை. இலிங்கம் என்ற மருந்துச் சரக்கைச் சுத்தி செய்யும்போது எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு ஆகியவற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுருக்குக் கொடுப்பது தெரிந்த முறை. அரைப்பதற்கும், சுத்தி செய்வதற்கும், மருந்தைச் சேர்ப்பதற்கும் பயன்படும் துணைச்சரக்காகவே சாறு வருகிறது. நெல்லை மண்ணில் வேரூன்றிய இந்த மரபைக் கற்பிக்க, பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

ஐரோப்பிய மருத்துவர்களும் இந்த வழக்கத்தைக் கவனித்து எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைட்லா ஐன்ஸ்லி, தமிழ் வைத்தியர் கையாண்ட சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அதை விரித்து 1826இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நாகமல்லியின் பச்சை வேரை எலுமிச்சைச் சாற்றில் நசுக்கிப் பூசுவது படர்தாமரைக்குக் கைகண்ட மருந்தாகக் கருதப்படுவதை அவர் பதிவு செய்திருக்கிறார். திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவராக இருந்த எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்த ‘இந்திய மருந்து நூல்’ 1868இல் வந்தது. படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அது ஏற்றுக்கொண்டது. குற்றாலத்துக்கு அடுத்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ஆட்சியில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

இதே காலத்தில் மேற்குக் கரையில் ‘கோவாப் பொடி’ என்ற மருந்து புகழ்பெற்றிருந்தது. பிரேசிலின் பாகியா காடுகளில் வளரும் அராரோபா மரத்தின் பொடி அது. போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது. அதையும் எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்தே படர்தாமரைக்குப் பூசினார்கள். 1870களில் அதை ஆராய்ந்தவர்கள் அதன் சாரம் கிரைசோபானிக் அமிலம் என்று முதலில் முடிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் அது கிரைசரோபின் என்ற நெருங்கிய பொருள் என்று திருத்தப்பட்டது. சீமை அகத்தி இலையிலும் கிரைசோபானிக் அமிலமும் ரெயின் என்ற அமிலமும் உள்ளன. கடல் கடந்த இரண்டு தாவரங்கள் ஒரே குடும்பச் சேர்மங்களால் ஒரே நோய்க்கு மருந்தாயின. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் ஒன்றாக இன்றும் சீமை அகத்தி இருக்கிறது.

அப்படியானால் எலுமிச்சைச் சாறு என்ன செய்தது? அதன் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தை 1784இல் சுவீடனின் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே பிரித்தெடுத்தார். சாற்றின் அமிலக் குறியீடு ஏறத்தாழ 2 முதல் 2.5. நலமான தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டிய மெல்லிய அமிலத் தன்மை கொண்டது. சாறு, இலையை விழுதாக்கித் தோலில் ஒட்ட வைத்தது. செதில் செதிலாகத் தடித்த மேல்தோலை இளக்கியது. மேல்தோலில் இறந்த செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைச் சிட்ரிக், லாக்டிக் போன்ற அமிலங்கள் தளர்த்தும். அமெரிக்க மருத்துவர் யூஜின் வான் ஸ்காட்டும் ரூயி யூவும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, செதில் உதிரும் தோல் நோய்களில் இவ்வமிலங்கள் பயன்படுவதைக் காட்டியது. இன்றைய முகப்பூச்சுகளில் பழ அமிலங்கள் இடம்பெற்றது அதற்குப் பின்தான். புளித்த மோரைத் தலையில் தேய்த்துப் பொடுகு நீக்கும் வீட்டு வழக்கத்திலும் லாக்டிக் அமிலமே வேலை செய்கிறது.

ஆனால் முகப்பூச்சில் சேரும் அமிலம் அளந்து, நீர்க்கவைத்து, காரம் சேர்த்துச் சமன் செய்யப்பட்டது. பிழிந்த சாறு அப்படிப்பட்டதல்ல. தோலைப் புண்ணாக்கும் அளவுக்கு அது கடுமையானது. எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் பெர்காப்டன் முதலான பியூரோகூமரின்கள் உள்ளன. இவை பட்ட தோலில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும், பிறகு கருந்திட்டு வாரக்கணக்கில் நிற்கும். பெர்கமோட் எண்ணெய் சேர்ந்த வாசனைத் தைலத்தால் கழுத்தில் இப்படிக் கருமை படிவதை 1916இல் பிராயிண்ட் என்ற மருத்துவர் விவரித்தார். முகத்தை வெளுக்க வைக்கவென்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் செல்பவர்களுக்கு அதற்கு நேர்மாறான பலனே கிடைக்கும்.

படர்தாமரை இன்று முன்பைவிடப் பிடிவாதமான நோயாகிவிட்டது. கடையில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கிக்கொண்டே பூஞ்சையை வளர்க்கின்றன. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

பழைய வழக்கத்தின் மதிப்பு, ஒரு கனியைத் தனி மருந்தாக உயர்த்தியதில் இல்லை. நோயைக் குணமாக்கும் சாரம் இலையிலும் வேரிலும் இருந்தது. சாறு அதற்குத் துணை செய்தது. இன்று எலுமிச்சையைப் பிழிந்து வெறுமனே முகத்தில் பூசுவது அந்த மரபின் தொடர்ச்சி ஆகாது. அரிப்போடு பரவும் படையைத் தோல் மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற சித்த மருத்துவரிடமோ காட்டி, உரிய மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் பூசுவதே சரியான வழி.