பச்சிளங் குழந்தையின் குடலடைப்பும் சத்திரசிகிச்சையும்

1820ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் நமது பண்டத்தரிப்பில் வந்து குடியேறி நோயாளருக்கு மருந்து கொடுத்து வந்தார். மிஷன் பாடசாலையிற் படித்த நாம் அவர் பெயரைச் சிறு வயது முதலே கேட்டிருக்கின்றோம். ஆயினும், குடல் அடைபட்டுப் பிறந்த சிசுவொன்றை அக்காலத்தில் ஒரு தாய் அவரிடம் கொண்டு சென்றிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? நமது பரியாரியாரைப் போலவே அவரும் கைவிரித்திருப்பார். அஃது அவர் குற்றமன்று. மயக்கமருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்யலாமென உலகம் கண்டதே 1846இல்தான். பின்வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலையும் தந்தார். அப்பொழுதும் இக்குழந்தைகளுக்கு வழி பிறக்கவில்லை.

சிறுகுடல் அடைபட்டுப் பிறந்த சிசுவொன்று சத்திரசிகிச்சையாற் பிழைத்தது 1911இல். செய்தவர் ஒல்லாந்து தேசத்துப் போக்கென்ஸ். அதன் பின்னரும் பெரும்பாலான சிசுக்கள் இறந்தன. அடைப்புக்கு மேலேயுள்ள குடல் பலூன் போல ஊதியிருக்கும். கீழேயுள்ளது நூல் போல ஒடுங்கியிருக்கும். வைத்தியர் இரண்டையும் பிழையின்றிப் பொருத்துவர். தையல் நன்றாயிருக்கும், பாலோ கீழே இறங்காது. காரணம் விளங்கவில்லை. கருவில் முதலிற் கட்டியாயிருக்கும் குடல் பின் துளை கொள்ளத் தவறுவதே இந்நோய் என அக்காலத்தார் நம்பியிருந்தனர்.

இந்நம்பிக்கையைச் சோதித்தவர்கள் தென்னாபிரிக்காவிலே கேப்டவுண் நகரத்து லோ என்பவரும், அவருடன் பணிபுரிந்த இளம் வைத்தியர் பர்னாட்டும் ஆவர். 1967இல் மனித இருதயத்தை மாற்றிவைத்துப் புகழ்பெற்ற அதே பர்னாட்தான். சினைப்பட்ட நாயின் கருப்பையைத் திறந்து, உள்ளேயுள்ள குட்டியின் குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டு, மீண்டும் தைத்துவிடுவார். குட்டிகள் இறந்துகொண்டே வந்தன. ஒன்பது மாதம் இவ்வாறு உழைத்து, 43ஆவது குட்டியிலேதான் எண்ணியது கைகூடிற்றாம். நாமாயின் பத்தாவதிலேயே கைவிட்டிருப்போம்! பிறந்த குட்டியின் குடல், சிசுக்களிற் கண்டவாறே அடைபட்டிருந்தது. ஆகவே குறை துளையிலன்று, இரத்தவோட்டத்தில். இரத்தமின்றி நலிந்த நுனிகளை எவ்வளவு திறமையாகத் தைத்தாலென்ன? 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நலிந்த குடலை வெட்டி நீக்கி, நல்ல குடலோடு நல்ல குடலைப் பொருத்தத் தொடங்கினர்; சிசுக்கள் பிழைத்தன. (இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் அடைப்புக்கு இவ்விளக்கம் பொருந்தாது, அதன் வரலாறு வேறு.)

இவ்வாராய்ச்சி வெளிவந்தது 1955இல். நமது பண்டத்தரிப்பில் வாழ்ந்த ஸ்கடர் உடல்நலம் தேடிச் சென்று உயிர்நீத்த இடம், அதே கேப்டவுணை அடுத்த வைன்பேர்க், ஆண்டு 1855. சரியாக நூறு ஆண்டுகள்!

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பிறந்த சிசு பச்சையாக வாந்தியெடுத்தால் 'கிரந்தி', 'தோஷம்' என்று எண்ணெய் தேடுவாரும் நூல் கட்டுவாரும் நம்மிடையே உளர். பெரியோர் கோபிக்கலாகாது. அப்பச்சை பித்தநீர், குடல் அடைபட்டிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. வயிறு உப்புதலும், முதல்நாட் கருமலம் கழியாமையும் அவ்வாறே. குடல் முறுகியதால் வரும் அடைப்பும் உண்டு. அதனை விடுவிக்கும் முறையை அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து லாட் 1936இல் எழுதினார். அம்முறுக்கில் இரத்தம் நின்று, சில மணி நேரத்திலே குடல் கறுத்துவிடும்.