பல் உள்வைப்பின் மேற்பரப்பு
தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியம் திருகின் புறப்பரப்பு. சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியவை கடைந்தெடுத்த திருகுகள், ஏறக்குறைய வழவழப்பானவை. பின்னாளில் நுண்துகள்களைப் பீய்ச்சியும் அமிலத்தால் அரித்தும் பரப்பைச் சொரசொரப்பாக்கினர். திருகில் இரத்தம் பட்டதும் ஃபைப்ரோனெக்டின் முதலான புரதங்கள் படலமாகப் படிகின்றன. எலும்பாக்கும் செல் வெறும் உலோகத்தைப் பற்றுவதில்லை. இன்டெக்ரின் என்னும் தன் சவ்வுப் புரதங்களால் அந்தப் படலத்தையே பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், விரல் போன்ற மெல்லிய நீட்சிகளை அது குழிகளின் விளிம்பில் ஊன்றியிருப்பது தெரியும், வியக்கவைக்கும் காட்சி. சராசரிச் சொரசொரப்பு 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் எலும்பு நன்றாகப் பிணைகிறது. மிகையானால் பாக்டீரியாவும் எளிதில் குடியேறும். ஆகவே பல உள்வைப்புகளில் ஈறைத் தொடும் கழுத்துப் பகுதி வழவழப்பாகவே விடப்படுகிறது.