செங்கொடி, வெண்கொடி முதல் தொழிற்பட்டறை வரை

பினாங்கில் 1867 ஆகஸ்டில் நடந்த பத்து நாள் கலவரத்தைச் சீனர்களின் சண்டை என்றே நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கீ ஹின், தோ பே கோங் என்ற இரு சீனச் சங்கங்கள் மோதியது உண்மைதான். ஆனால் கீ ஹின் பக்கம் வெண்கொடிச் சங்கமும் தோ பே கோங் பக்கம் செங்கொடிச் சங்கமும் நின்றன. அக்கொடிகளின் கீழ்த் திரண்டவர்கள் முஸ்லிம்கள்: மலாய்க்காரர்கள், ஜாவி பெக்கான்கள், தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள். முஹர்ரம் ஊர்வலக் கூட்டங்களோடு ஒட்டி வளர்ந்த தெருப் போட்டி, கடைசியில் ஆயுதம் எடுக்கும் வரை போய்விட்டது.

பொன்விழா மலரில் இதையும் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். "கும்பல் என்பதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்ற பேச்சு நம் வீடுகளிலும் கேட்கிறதல்லவா?

கலவரத்துக்குப் பின் விசாரணை ஆணையம் அமைந்தது. 1869இல் ஒரு சட்டம் வந்தது. 1890 முதல் இரகசியச் சங்கங்கள் அடியோடு தடை செய்யப்பட்டன. சட்டங்கள் அன்று முதல் இன்று வரை வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனாலும் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் இருப்பதாகச் சொன்ன 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர்கள். நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக உள்ள சமூகம் அது. அந்தக் கணக்கில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பிரிவு இல்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் தோட்டம் போனது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. வேலையும் வீடும் கோயிலும் திடலும் ஒரே இடத்தில் இருந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தன. தோட்டத்தில் பையன் தவறினால் பத்து வீட்டுக்குத் தெரியும். பதினான்காவது மாடியில் அடுத்த கதவுக்காரருக்கே தெரியாது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஆறு உயிர்கள் போனதும் இப்படிப்பட்ட நெருக்கடியான குடியிருப்புப் பகுதியில்தான்.

அரசாங்கம் 1975இல் ரூக்குன் தெத்தாங்காவைத் தொடங்கியபோது ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து போக வேண்டும் என்பது கட்டாயம். பலருக்கு அது தொல்லை. ஆனால் வெவ்வேறு இனத்துத் தகப்பன்மார் ஒரே கொட்டகையில் காப்பி குடித்தபடி உட்கார்ந்திருந்த அந்த இரவுகளுக்கு ஈடாக இன்றைய கண்காணிப்புக் கேமராவைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தமிழர் அமைப்புகள் கல்வியைப் பிடித்துக்கொண்டன. கல்வி சமூகநல ஆய்வு அறவாரியம் 1979இல் தோன்றியது. 1982இல் டான்ஸ்ரீ தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அதில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் ஏராளம். நமது மாலை மதரசாக்களும் டியூஷன் வகுப்புகளும் இதே வழிதான். இவற்றின் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் வகுப்புக்கு வருகிற பிள்ளை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும் பிள்ளை. படிவம் மூன்றோடு நின்றுவிட்டு, சாப்பாட்டுக் கடை மேசையில் நடுநிசி வரை உட்கார்ந்திருப்பவனை யார் தேடிப் போனார்கள்?

2011இல் தொடங்கிய மை ஸ்கில்ஸ் அறவாரியம் தேடிப் போனது. வழக்கறிஞர் பசுபதியும் நண்பர்களும், பள்ளியை விட்ட, சில வேளை போலீஸ் வரை போய்வந்த இளையோரைச் சேர்த்து விடுதியில் தங்கவைத்து, மின்வேலை, சமையல் போன்ற தொழில்களைக் கற்பிக்கிறார்கள். உலு சிலாங்கூரில் களும்பாங்கில் அதன் வளாகம் இருக்கிறது. தொழில் மட்டுமல்ல, நேரத்துக்கு எழுவது, கோபத்தை அடக்குவது, பெரியவரிடம் பேசுவது எல்லாமே அங்கே பாடம்தான். இதற்குப் பணம் அதிகம் பிடிக்கும். பொறுமை அதைவிட அதிகம் பிடிக்கும். பரிசளிப்பு விழாவில் மேடையேற்ற இவர்களிடம் ஏ வாங்கிய பட்டியலும் கிடையாது.

2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தால், குற்றம் செய்த சிறுவரைச் சமூகச் சேவைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு வழி உண்டு. அவர்களை ஏற்றுக்கொள்ள இடம் வேண்டும். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சவும் பாத்திரம் கழுவவும் பந்தி பரிமாறவும் நம் பள்ளிவாசல்களுக்கு ஆள் போதுவதில்லை. அந்த வேலைக்கு இப்பிள்ளைகளில் நாலு பேரை எங்களிடம் அனுப்புங்கள் என்று சமூக நல இலாகாவுக்கு நம் சங்கம் கடிதம் எழுதலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசலாம்.